ஒளி வேகத்தில் போகிற பைக்கில் ஹெட்லைட் போட்டால்?

கோட்டூர்புரம் பிர்லா கோளரங்கத்தில் காட்சி முடிந்து வெளியே வந்து கண் கூசிக்கொண்டு நிற்கும்போது அக்கா பையன் கேட்டான். "மாமா, ஒளி வேகத்துல போற பைக்ல ஹெட்லைட் போட்டா வெளிச்சம் முன்னாடி போகுமா, இல்ல பல்புக்குள்ளயே நின்னுடுமா?" எட்டாம் வகுப்பு படிக்கிறான். இதைச் சின்னப் பையன் கேள்வி என்று தள்ளிவிட முடியாது, ஏனென்றால் பதினாறு வயதில் ஐன்ஸ்டைன் தனக்குள் கேட்டுக்கொண்டதும் கிட்டத்தட்ட இதுதான்: ஒளிக்கதிரைத் துரத்திக்கொண்டே அதே வேகத்தில் ஓடினால் எனக்கு என்ன தெரியும்? டீக்கடையில் உட்கார்ந்து கொஞ்சம் சொன்னேன், பஸ் வந்துவிட்டது. மிச்சத்தையும் சேர்த்து இங்கே எழுதுகிறேன். கணக்குப் போடத் தெரிந்திருக்க வேண்டியதில்லை, வேகம் என்றால் தூரத்தை நேரத்தால் வகுப்பது என்று தெரிந்தால் போதும்.

முதலில் அந்த வேகம் எவ்வளவு என்று பார்த்துவிடுவோம். நொடிக்கு 29,97,92,458 மீட்டர், அதாவது சுமார் 3 லட்சம் கிலோமீட்டர். முதலில் சொன்ன எண்ணில் தோராயம் எதுவும் கிடையாது, 1983 முதல் மீட்டர் என்ற அளவையே ஒளியின் வேகத்தை வைத்துத்தான் வரையறுக்கிறார்கள். சென்னை பீச் ஸ்டேஷனிலிருந்து தாம்பரம் வரை ஏறக்குறைய 30 கிலோமீட்டர். மின்சார ரயிலில் ஒரு மணி நேரம் ஆகிற அந்தத் தூரத்தை ஒளி ஒரே நொடியில் 5,000 முறை போய்த் திரும்பிவிடும். ஒளிக்கும் வேகம் உண்டு, அது சட்டென்று எல்லா இடத்துக்கும் போய்விடுவதில்லை என்பதை 1676-லேயே ரோமர் என்கிற டேனிஷ் வானியலாளர் வியாழனின் ஒரு நிலவு மறைகிற நேரம் முன்பின்னாக வருவதைப் பார்த்துச் சொல்லிவிட்டார்.

சரி, விஷயம் இதற்கு அப்புறம்தான். ஓடுகிற மின்சார ரயிலுக்குள் நின்றுகொண்டு ரயில் போகிற பக்கமாகவே ஒரு பந்தை எறிகிறீர்கள். ரயில் மணிக்கு 60 கிலோமீட்டர், பந்து உங்கள் கையிலிருந்து 20. பிளாட்பாரத்தில் நிற்பவருக்கு அது 80-ல் போகும், இதில் யாருக்கும் சந்தேகமில்லை. பந்துக்குப் பதில் டார்ச் அடித்தால்? ரயிலின் வேகமும் ஒளியின் வேகமும் கூட வேண்டும் இல்லையா? கூடாது. ரயிலில் இருப்பவர் அளந்தாலும் பிளாட்பாரத்தில் இருப்பவர் அளந்தாலும் அதே 29,97,92,458. பூமியே சூரியனைச் சுற்றி நொடிக்கு 30 கிலோமீட்டர் வேகத்தில் ஓடுகிறதே, அந்த ஓட்டம் ஒளியின் வேகத்தில் கொஞ்சமாவது கூடுதல் குறைவு காட்டுகிறதா என்று 1887-ல் மைக்கல்சனும் மார்லியும் மிக நுணுக்கமாக அளந்து பார்த்தார்கள். ஒன்றும் தெரியவில்லை. கருவியில்தான் குறை என்று பலர் நினைத்தார்கள். 1905-ல் ஐன்ஸ்டைன் வந்து, குறை கருவியில் இல்லை, நேரத்தைப் பற்றி நாம் நினைத்துக்கொண்டிருப்பதில்தான் என்றார்.

இந்த இடத்தைக் கொஞ்சம் மெதுவாகப் பாருங்கள், மீதி எல்லாம் இதிலிருந்துதான் வருகிறது. ரயில் பெட்டியின் தரையில் ஒரு கண்ணாடி, கூரையில் ஒரு கண்ணாடி. நடுவில் ஒரு ஒளித்துளி மேலும் கீழுமாகத் துள்ளிக்கொண்டே இருக்கிறது, ஒவ்வொரு துள்ளலும் ஒரு 'டிக்'. பெட்டிக்குள் இருக்கிற உங்களுக்கு ஒளி நேர் மேலே போகிறது, நேர் கீழே வருகிறது. பிளாட்பாரத்தில் நிற்பவருக்கு அப்படித் தெரியாது. ஒளி மேலே ஏறுவதற்குள் ரயில் முன்னால் நகர்ந்துவிடுவதால் அவருக்கு அது சாய்வாக ஏறிச் சாய்வாக இறங்கும், ரம்பப் பல் மாதிரி. சாய்வுக்கோடு நேர்க்கோட்டைவிட நீளம். பந்தாக இருந்தால் பிரச்சினையே இல்லை, அவருக்குத் தூரமும் அதிகம், வேகமும் அதிகம், இரண்டும் சரிக்குச் சரியாகப் போய்விடும். ஒளி அப்படி விட்டுக்கொடுக்காது. தூரம் அதிகமாகியும் வேகம் கூட மாட்டேன் என்கிறது என்றால், அந்தச் சூத்திரத்தில் பாக்கி இருப்பது ஒன்றே ஒன்று, நேரம். ஆகவே பிளாட்பாரத்துக்காரர் பார்வையில் உங்கள் 'டிக்' தாமதமாகத்தான் விழ வேண்டும். அந்தக் கண்ணாடிக் கடிகாரம் மட்டும் அல்ல, உங்கள் கைக்கடிகாரம், நாடித்துடிப்பு, தலையில் நரை விழுகிற வேகம் எல்லாமே.

எவ்வளவு தாமதம்? சாதாரண வேகத்தில் கண்டுபிடிக்கவே முடியாத அளவு. ஒளியின் வேகத்தில் பாதி போனால் உங்களுக்கு 1 மணி நேரம் ஓடுவதற்குள் நிற்பவருக்கு 1 மணி 9 நிமிடம். அவ்வளவுதானா என்று தோன்றும். 90 சதவீதத்தில் 2 மணி 18 நிமிடம், 99 சதவீதத்தில் 7 மணி நேரம், 99.99 சதவீதத்தில் 70 மணி நேரத்துக்கும் மேல், அதாவது கிட்டத்தட்ட மூன்று நாள். நீங்கள் ஒரு படம் பார்த்துவிட்டு வருவதற்குள் வீட்டில் ஒரு வாரம் ஓடியிருக்கும். உங்களுக்கு எதுவும் மெதுவாக நடந்த மாதிரியே இருக்காது என்பதையும் சொல்ல வேண்டும், ஸ்லோமோஷனில் கை ஆட்டுவதெல்லாம் கிடையாது.

இதெல்லாம் காகிதக் கணக்கு என்று நினைப்பவர்கள் உள்ளங்கையை வானம் பார்த்து விரித்து வையுங்கள். நொடிக்குச் சுமார் ஒன்று என்ற கணக்கில் மியுவான் என்ற துகள் அதைத் துளைத்துக்கொண்டு போய்க்கொண்டே இருக்கிறது. விண்வெளியிலிருந்து வரும் கதிர்கள் சுமார் 15 கிலோமீட்டர் உயரத்தில் காற்றோடு மோதும்போது பிறப்பவை இவை. பிறந்து சராசரியாக ஒரு நொடியின் 10 லட்சத்தில் 2.2 பங்கு நேரத்தில் சிதைந்துவிடும், கிட்டத்தட்ட ஒளி வேகத்தில் ஓடினாலும் அதற்குள் 660 மீட்டர்தான் போக முடியும். 15 கிலோமீட்டர் என்றால் பீச்சிலிருந்து ஏறக்குறைய கிண்டி தூரம். பீச் ஸ்டேஷனில் ஏறியவர் அடுத்த ஸ்டேஷனான கோட்டை வருவதற்கு முன்பே ஆயுள் முடிந்திருக்க வேண்டும், ஆனால் கூட்டம் கூட்டமாகக் கிண்டியில் வந்து இறங்குகிறார்கள். எப்படி? அவற்றின் கடிகாரம் நம் பார்வையில் 30, 40 மடங்கு மெதுவாக ஓடுகிறது. அந்த 2.2 நமக்கு 66 ஆக நீண்டுவிடுகிறது, 20 கிலோமீட்டர் ஓட அது தாராளம்.

மியுவானிடமே கேட்டால் வேறு கதை சொல்லும். என் கடிகாரம் சரியாகத்தான் ஓடியது, பாதைதான் சுருங்கிவிட்டது, 15 கிலோமீட்டர் என்று நீங்கள் சொன்னது எனக்கு 500 மீட்டர்தான் இருந்தது என்று. ஓடுகிறவருக்கு எதிரே இருக்கிற தூரம் ஓடும் திசையில் சுருங்கும். இரண்டு பேரும் சொல்வது உண்மை, மியுவான் தரைக்கு வந்து சேர்ந்தது என்பதில் இரண்டு பேருக்கும் சண்டை இல்லை. நம்ம ஊட்டியில் டாடா ஆராய்ச்சி நிறுவனம் நடத்துகிற கிரேப்ஸ்-3 என்ற ஆய்வகத்தில் 560 சதுர மீட்டர் பரப்புக்கு மியுவான்களைப் பிடிக்கிற கருவிகளைப் பரப்பி வைத்திருக்கிறார்கள். அடுத்த முறை ஊட்டிக்குப் போகிறவர்கள் படகுச் சவாரி வரிசையில் நிற்கும்போது நினைத்துக்கொள்ளலாம்.

போனில் மேப் பார்க்கிறவர்களும் இதில் மாட்டிக்கொண்டவர்கள்தான். ஜி.பி.எஸ். செயற்கைக்கோள்கள் நொடிக்குச் சுமார் 4 கிலோமீட்டர் வேகத்தில் ஓடுகின்றன, அதனால் அவற்றின் கடிகாரம் நாளுக்கு 7 மைக்ரோநொடி (ஒரு மைக்ரோநொடி என்பது நொடியின் 10 லட்சத்தில் ஒரு பங்கு) பின்தங்கும். மேலே ஈர்ப்பு குறைவு என்பதால் 45 மைக்ரோநொடி முந்தும், அது ஐன்ஸ்டைனின் இன்னொரு கணக்கு. ஆக மொத்தம் 38 மைக்ரோநொடி வித்தியாசம். இதைச் சரிக்கட்டாமல் விட்டால் ஒரே நாளில் 11 கிலோமீட்டர் வரை பிழை சேர்ந்து, தி.நகரில் நிற்கிற உங்களைத் தேடி ஆட்டோக்காரர் பல்லாவரத்திலிருந்து போன் செய்வார்.

அடுத்து, ஏன் ஒளி வேகத்தைத் தொடவே முடியாது? இன்னும் பெரிய என்ஜின் வைத்தால் போகாதா? பள்ளியில் 'வேகம் கூடினால் நிறை கூடும்' என்று சொல்லிக்கொடுத்திருப்பார்கள். அது பழைய பேச்சு, எனக்குப் பிடிக்காத பேச்சும்கூட, ஏனென்றால் கேட்கிறவர் ராக்கெட் குண்டாகிவிடும் என்று கற்பனை செய்துகொள்கிறார். கூடுவது அதை இன்னும் கொஞ்சம் தள்ள ஆகிற ஆற்றல் செலவு. நமக்குப் புரிகிற மொழியில் இது கரண்ட் பில் ஸ்லாப் மாதிரி. முதலில் கொஞ்சம் யூனிட் இலவசம், அப்புறம் ஒவ்வொரு ஸ்லாபிலும் ஒரு யூனிட்டின் விலை ஏறிக்கொண்டே போகும் இல்லையா, அதே கதை. மெரினாவில் பொட்டலத்தில் விற்கிற வேர்க்கடலையில் ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள், அரை கிராம் இருக்கும். அதை ஒளியின் 90 சதவீத வேகத்துக்குக் கொண்டுபோக 1.6 கோடி யூனிட் மின்சாரத்துக்குச் சமமான ஆற்றல் வேண்டும். 99 சதவீதத்துக்கு 7.6 கோடி யூனிட், இரண்டு மாதத்துக்கு 500 யூனிட் ஓட்டுகிற ஒன்றரை லட்சம் வீடுகளின் பில். 99.9-க்கு 26 கோடியைத் தாண்டிவிடும். முதல் 90 சதவீதத்துக்கு ஆன செலவு 1.6 கோடி, கடைசி 0.9 சதவீதத்துக்கு மட்டும் 19 கோடி. 100 என்று போட்டால் கணக்கில் வகுக்கிற இடத்தில் பூஜ்யம் வந்து நிற்கும், பில் முடிவிலி. ஒரே ஒரு கடலைக்கு இந்தக் கதி.

ஜெனீவா பக்கம் செர்ன் ஆய்வகத்தின் 27 கிலோமீட்டர் சுரங்க வளையத்தில் இந்த ஸ்லாபின் உச்சியை நேரில் பார்க்கிறார்கள். இப்போது அங்கே இருக்கிற இயந்திரத்தில் புரோட்டான்களின் வேகம் ஒளியைவிட நொடிக்குச் சுமார் 3 மீட்டர்தான் குறைவு, அதாவது காலையில் கடற்கரையில் மெதுவாக ஓடுகிறவரின் வேகம்தான் பாக்கி. 2000 வரை அதே சுரங்கத்தில் ஓடிய பழைய இயந்திரத்தில் எலக்ட்ரான்கள் இன்னும் நெருங்கின. கடைசிக் காலத்தில் பாக்கி நொடிக்கு 4 மில்லிமீட்டருக்கும் குறைவு, எறும்பு ஊர்கிற வேகம். அந்த எறும்பு வேகத்தைக் கூட்ட முடியவில்லை. மேலும் மேலும் ஆற்றல் கொடுத்தார்கள், எலக்ட்ரானின் ஆற்றல் ஏறியது, வேகம் அசையவே இல்லை.

குறுக்கு வழி உண்டா? 75 சதவீத வேகத்தில் போகிற கப்பலிலிருந்து முன்பக்கமாக இன்னொரு 75 சதவீதத்தில் ஒன்றைச் சுட்டால் 150 ஆகுமே என்பார்கள். ஆகாது, 96 ஆகும். நேரமும் தூரமும் ஆளுக்கு ஆள் மாறும்போது வேகங்களை நேராகக் கூட்டுவதே தப்பு. ரயில் பந்து கணக்கில் 60-ம் 20-ம் 80 என்றோமே, அதுவும் கண்டிப்பாகப் பார்த்தால் 80-க்கு ஒரு துளி குறைவு, அவ்வளவு சின்ன துளியை யாரும் பொருட்படுத்துவதில்லை.

தாண்டிவிட்டால் என்ன ஆகும் என்ற கேள்விக்கு சென்னைத் தொடர்பு ஒன்று இருக்கிறது. தாம்பரம் கிறித்துவக் கல்லூரியில் படித்து, பிற்காலத்தில் தரமணி கணித அறிவியல் நிறுவனத்துக்கு இயக்குநராகவும் இருந்த இ.சி.ஜி. சுதர்சன், பிலானியுக், தேஷ்பாண்டே என்ற இருவரோடு சேர்ந்து 1962-ல் இதைப் பற்றி ஒரு கட்டுரை எழுதினார். ஒளி வேகத்தைத் தாண்டத்தானே முடியாது, பிறக்கும்போதே அந்தப் பக்கம் பிறந்த துகள் இருந்தால்? 1967-ல் ஃபைன்பெர்க் அதற்கு டாக்கியான் என்று பெயர் வைத்தார், வேகம் என்று பொருள்படும் கிரேக்கச் சொல்லிலிருந்து. டாக்கியான் இருந்தால் அதன் குணம் தலைகீழ். ஆற்றல் குறையக் குறைய வேகம் கூடும், அதைப் பிரேக் பிடித்து ஒளி வேகத்துக்குக் கொண்டுவருவதற்குத்தான் முடிவிலி ஆற்றல் வேண்டும். சுவர் இரண்டு பக்கமும் சுவர்தான். இதுவரை யாரும் ஒரு டாக்கியானையும் பிடித்ததில்லை.

பிடித்தால் வருகிற தலைவலி வேறு மாதிரியானது. டீக்கடையில் கியூ.ஆர். கோடை ஸ்கேன் செய்து பணம் போட்டதும் கடைக்காரர் பக்கத்தில் இருக்கிற ஸ்பீக்கர் "பெறப்பட்டது" என்று சத்தம் போடுமே, அந்தச் செய்தி ஒளியைவிட வேகமாகப் போகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். யார் நேரம் எப்படி ஓடுகிறது என்பது அவரவர் ஓட்டத்தைப் பொறுத்தது என்று பார்த்தோம். அதனால் வேகமாகக் கடந்து போகிற யாரோ ஒருவர் பார்வையில், நீங்கள் ஸ்கேன் செய்வதற்கு முன்பே ஸ்பீக்கர் கத்திவிடும். அவர் கண்ணில் முதலில் ரசீது, அப்புறம் பணம். அவரும் அதே மாதிரி வேகச் செய்தி ஒன்றைத் திருப்பி அனுப்ப முடியும் என்றால் அது நீங்கள் போனை எடுப்பதற்கு முன்பே உங்களை வந்து சேரலாம், "டீ நல்லா இல்ல, வேண்டாம்" என்று. நீங்களும் வாங்காமல் போய்விடுவீர்கள். அப்படியானால் அந்த டீயைக் குடித்தது யார்? இயற்பியலாளர்கள் ஒளி வேக எல்லையை இவ்வளவு கெட்டியாகப் பிடித்துக்கொண்டிருப்பதற்கு இந்தக் குழப்பம்தான் பெரிய காரணம், ஒளி மேல் தனிப் பாசம் ஒன்றும் இல்லை.

2011 செப்டம்பரில் ஒரு நிமிடம் எல்லோருக்கும் தூக்கிவாரிப்போட்டது. செர்னிலிருந்து இத்தாலியின் கிரான் சாசோ வரை 730 கிலோமீட்டர் மண்ணுக்கடியில் வந்த நியூட்ரினோ என்ற துகள்கள் ஒளியைவிட 60 நானோநொடி முந்தி வந்துவிட்டதாக அளவீடு காட்டியது. 60 நானோநொடி என்றால் ஒளிக்கு 18 மீட்டர் தூரம், அவ்வளவுதான் முந்தல். அளந்தவர்களே நம்பவில்லை, தப்பு எங்கே என்று பாருங்கள் என்றுதான் வெளியிட்டார்கள். அடுத்த வருடம் கிடைத்தது: முக்கியமான பிழை, ஒரு ஃபைபர் கேபிள் சரியாகச் சொருகப்படாமல் லூசாக இருந்தது. நம் வீட்டு இன்டர்நெட் கதைதான்.

சரி, ஒளியை உண்மையிலேயே முந்துவது ஒன்றும் இல்லையா? இருக்கிறது, ஆனால் ஒவ்வொன்றிலும் ஒரு 'ஆனால்' உண்டு. லேசர் விளக்கை நிலாவின் ஒரு விளிம்பிலிருந்து மறு விளிம்புக்கு ஒரு நொடியின் நூறில் ஒரு பங்கில் திருப்பினால், அங்கே விழுகிற புள்ளி நொடிக்கு 3 லட்சத்து 47 ஆயிரம் கிலோமீட்டர் வேகத்தில் ஓடும். ஆனால் ஓடியது எந்தப் பொருளும் அல்ல, ஒவ்வொரு இடத்திலும் விழுந்தது வேறு வேறு ஒளி, குழாயைச் சுழற்றித் தண்ணீர் அடிக்கிற மாதிரி. வெகுதொலைவு விண்மீன் மண்டலங்கள் ஒளியைவிட வேகமாக நம்மைவிட்டு விலகுகின்றன என்பதும் நிஜம்தான், அங்கே விரிவது இடைவெளி. தண்ணீருக்குள் ஒளியே சோர்ந்துபோய் நொடிக்கு 2 லட்சத்து 25 ஆயிரம் கிலோமீட்டராகக் குறைந்துவிடும், அங்கே எலக்ட்ரான் அதை முந்தலாம். முந்தும்போது படகின் பின்னால் அலை எழுகிற மாதிரி நீல ஒளி எழும். செரன்கோவ் ஒளி என்று பெயர், அணு உலைக் குளங்களில் தெரிகிற நீலம் அதுதான். இதில் நம் எல்லை மீறப்படவில்லை, வெற்றிடத்தில் ஒளிக்கு இருக்கிற வேகம்தான் எல்லை.

இப்போது பையனின் பைக்குக்கு வருவோம். ஒளி வேகத்திலேயே போக முடியாது என்பதால் 90 சதவீதத்தில் ஓட்டுவோம். காற்று இருந்தால் வண்டியும் ரோடும் மிஞ்சாது, அதனால் காற்றே இல்லாத ரோடு. ஓட்டுகிற உனக்கு ஹெட்லைட் ஒளி வழக்கம்போல முழு வேகத்தில் முன்னால் பாயும், வீட்டு வாசலில் நின்று போட்ட மாதிரியே. ரோட்டோரம் நிற்கிறவருக்கும் அந்த ஒளி அதே முழு வேகத்தில்தான் போகும், நீ அதைக் கொஞ்சம் பின்னால் விரட்டிக்கொண்டு வருவதாகத் தெரியும். ஆனால் எதிரே நிற்கிறவர் கண்ணுக்கு அந்த வெளிச்சம் தெரியாது. அவரை நோக்கி வருகிற ஒளியலை 4.4 மடங்கு நெருங்கிப்போய், வெள்ளை எல்லாம் புற ஊதாவாகிவிடும். கடந்து போன பிறகு பின்னால் சிவப்பு விளக்கும் தெரியாது, அந்த அலை அதே அளவு நீண்டு அகச்சிவப்பாகிவிடும். முன் லைட் இல்லை, பின் லைட் இல்லை, போலீஸ்காரர் இரண்டுக்கும் சேர்த்துத்தான் எழுதுவார். இது எல்.இ.டி. விளக்குக்கு. பழைய மஞ்சள் பல்பு தன் ஆற்றலில் பெரும்பகுதியைக் கண்ணுக்குத் தெரியாத வெப்பக் கதிராகத்தானே விடுகிறது, அந்தக் கதிர் 4.4 மடங்கு நெருங்கினால் கண்ணுக்குத் தெரிகிற ஒளியாகிவிடும்.

பஸ் படியில் ஏறிக்கொண்டே இதைச் சொன்னேன். அவன் கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, "அப்ப அப்பாவோட பழைய வண்டியை விக்க வேணாம்னு சொல்லிடறேன் மாமா" என்றான்.